கடமை பாக்கி இல்லை

“இது சோம்பேறி, டாக்டர், சரியான சோம்பேறி! ரெண்டு மாடி ஏறச் சொன்னா நடுவுல உக்காந்துக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குது” என்று சொல்லிக்கொண்டே அலர்மேல் அம்மாள் உள்ளே வந்தார். இடுப்பில் கைக்குழந்தை மாதிரி ஒரு கறுப்பு நாய்க்குட்டி. பெயர் மிளகு. ஒன்பது மாதக் குட்டியை யாராவது இடுப்பில் தூக்கி வருவார்களா? அதுவும் நாட்டு நாய். அந்த வயதில் அது நம்மை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஓட வேண்டும். பார்த்த மாத்திரத்திலேயே நிலோபர் குட்டியை வாங்கிப் பரிசோதனை மேசையில் கிடத்தினாள்.

தாழம்பூ நகருக்கு இருந்த ஒரே கால்நடை மருத்துவர் நிலோபர் நிஷாதான். சென்னைக்கு வடக்கே கடல் ஏறிவந்து குப்பங்களையும் உப்பளங்களையும் விழுங்கிவிட்ட பிறகு, ஆரணியாற்றங்கரையில் மேடாகப் பார்த்து எழுப்பிய குடியிருப்பு அது. மார்கழிக் குளிர் என்று ஒன்று இருந்ததைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, நிஜமாவா என்று கேட்கிற காலம். கொசுவுக்கு லீவே கிடையாது, வருஷம் முழுக்க டியூட்டி. அது கடித்துவிட்டுப் போகும்போது நாய்களுக்கு நெஞ்சுப்புழுவைக் கொடுத்துவிட்டுப் போனது.

“இருமறானாம்மா?”

“இருமல்னு சொல்ல முடியாது. எலும்பு சிக்கின மாதிரி க்கும், க்கும்னு ஒரு சத்தம். நானும் வாழைப்பழத்த முழுங்க வெச்சுப் பாத்துட்டேன். நேத்து பந்து எறிஞ்சேன், நாலடி ஓடிட்டுப் படுத்துட்டான். சாப்பாட்டையும் மோந்து பாத்துட்டுப் போயிடறான்.”

நிலோபர் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தாள். கைக்கு எல்லாமே தட்டுப்பட்டன. வயிறு மட்டும் லேசாக உப்பியிருந்தது. காதில் குழாயை மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்துக் கேட்டாள். கேட்டதை மறுபடியும் கேட்டாள். பிறகு முன்னங்காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனை அட்டையில் விட்டாள். மிளகு அதற்குக்கூட முனகாமல் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தான். அட்டையில் முதல் கோடு விழுந்தது. பின்னாலேயே இரண்டாவதும் விழுந்தது.

“அம்மா, நெஞ்சுப்புழு.”

“இருக்கவே இருக்காது!” அலர்மேல் அம்மாளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “எட்டாவது வாரத்துல நீங்களே சொல்லி ஆரம்பிச்ச மாத்திரை. எங்க வீட்டு பொம்மி அமாவாசைக்கு அமாவாசை குடுக்குது. ஒரு மாசம் தவறினதில்ல. வேணா பாருங்க!” என்று கைப்பேசியை நீட்டினார். திரையில் எல்லா மாதத்துக்கும் எதிரே பச்சை விளக்கு. கீழே ஒரே வரி: கடமை பாக்கி இல்லை.

பொம்மி என்றால் வேலைக்காரப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். தாழம்பூ நகரில் வீட்டுக்கு ஒரு இல்லத்துணை உண்டு. சமையலறைச் சுவரோடு பொருத்திய இயந்திரம், இரண்டு கைகள், ஒரு இனிமையான குரல். கடைக்குச் சாமான் சொல்லும், குழம்பு வைக்கும், தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்கும், நாய்க்குட்டிக்குச் சோறு பிசைந்து வைக்கும். வீட்டு வழக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

“மாத்திரை போயிருந்தா இது வந்திருக்கக் கூடாதும்மா” என்றாள் நிலோபர். “கொசு கடிச்சதும் புழுக்குஞ்சு தோலுக்கடியில போய் உக்காரும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் அங்கதான் இருக்கும். அப்ப மாத்திரை கிடைச்சா செத்துப் போயிடும். அதத் தாண்டி வளந்துடுச்சுன்னா மாத்திரைக்கு மசியாது. மெல்ல நெஞ்சுக்கு வந்து சேமியா மாதிரி சுருண்டுக்கும். அஞ்சாறு மாசம் ஆனாத்தான் நம்ம பரிசோதனையில தெரியவே தெரியும்.”

“அப்ப அந்த மாத்திரை டூப்ளிகேட்டா?”

“இல்ல. நானே சரிபாத்துட்டேன்.”

“அப்புறம் எப்படி?”

அதுதான் நிலோபருக்கும் தெரியவில்லை. அந்த மாதத்தில் இது மூன்றாவது குட்டி. முதல் இரண்டு வீட்டிலும் இதே பச்சை விளக்கு, இதே கடமை பாக்கி இல்லை. மூன்று என்பது சும்மா எண் இல்லை. மருந்து சாப்பிட்ட மூன்று நாய்களுக்கு ஒரே ஊரில் நெஞ்சுப்புழு வந்தால், அது மருந்துக்கு அடங்காத புழு என்று கால்நடைக் காப்பு ஆணையம் முடிவுகட்டிவிடும். பிறகு அந்த ஊரில் ஒரு நாய் இருக்காது. ‘அகற்றுதல்’ என்று நாசூக்காக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளை வண்டி வரும், ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். போன மாதம் கடம்பன்குளத்தில் அதுதான் நடந்தது. நோய் இருந்தது, இல்லாதது எல்லாம் சேர்த்து நானூறு நாய்கள். அந்த ஊரில் இன்னும் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி.

சட்டப்படி அன்றே தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அடுத்த ஊருக்கும் பரவும். நிலோபர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆணையத்துக்குப் பேசினாள். எடுத்தவர் டாக்டர் அறவாழி. கல்லூரியில் அவளுக்கு மூன்று வருஷம் மூத்தவர், இப்போது இந்த வட்டாரத்தின் அகற்றுதல் அதிகாரி.

“சார், எனக்கு ஒரு வாரம் குடுங்க.”

“கடம்பன்குளத்து டாக்டரும் இதேதான் கேட்டாரு, நிலோபர். ஒரு வாரத்துல கொசு எங்கெல்லாம் போகும்னு உனக்குத் தெரியாதா? நாளன்னிக்குக் காலைல ரெண்டு வண்டி கிளம்புது. ஒண்ணு உங்க ஊருக்கு, இன்னொண்ணு வெள்ளைமேட்டுக்கு. அங்கயும் மூணு ஆயிடுச்சு.”

“மருந்தே உள்ள போகலைன்னு நான் நிரூபிச்சா?”

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. “அப்படின்னா அது சாதாரணப் புழு. வண்டி வராது. ஆனா மெஷின் பச்சை காட்டுதே, அதுக்கு மேல எதை நம்பறது? வீட்டுக்காரங்களே என் முன்னாடி வந்து ‘குடுக்கல’ன்னு சொல்லணும். சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?”

தெரியும். நாய்க்கு மருந்து கொடுக்கத் தவறியவர் ஐந்து வருஷத்துக்கு நாய் வளர்க்கக் கூடாது. இருக்கிற நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடம்பன்குளத்து விபரீதத்துக்குப் பிறகு போட்ட சட்டம்.

“வாயத் தொறக்க மாட்டாங்க” என்றார் அறவாழி.

“தொறக்க வைக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொன்னாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நிலோபர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. புதுக்கோட்டையில் அவளுடைய அம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு நாய்க்கு ஊசி போடறதா என்று மூன்று நாள் சாப்பிடாமல் சண்டை போட்டபோதுகூட அசைந்து கொடுக்காதவள்.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாகப் போனாள். மாத்திரை எங்கே வைக்கிறீர்கள், யார் எடுப்பது, குட்டி துப்பிவிடுகிறதா, பெரிய நாயின் மாத்திரையை உடைத்து நாலு குட்டிக்குப் பங்கு போடுகிறீர்களா, குட்டி வளர வளர எடை பார்த்து அளவைக் கூட்டினீர்களா என்று துளைத்தெடுத்தாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “எங்களுக்கு எதுக்கு டாக்டர் அந்தக் கவலை? எல்லாம் அதுவே பாத்துக்கும்.” சிலர் மாத்திரை என்ன நிறம் என்றுகூடப் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. சரி, ஒரு தடவையாவது அந்த இயந்திரம் மாத்திரை கொடுப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். இன்று எந்தக் குட்டிக்கு மாத்திரை நாள் என்று விசாரித்ததில், ஐந்தாவது மாடி ஆக்னஸின் வீடு வந்தது. ஆக்னஸ் பள்ளிக்கூட ஆசிரியை, நிலோபரின் வயதுதான். அவளுடைய குட்டி ஜாம் செம்பட்டை நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும். அதற்கு நோய் எதுவும் இல்லை.

“வாங்க டாக்டர், டீ போடச் சொல்லட்டா? ரூத், டாக்டருக்கு ஒரு டீ.” ஆக்னஸ் வீட்டு இயந்திரத்தின் பெயர் ரூத்.

“டீ அப்புறம். முதல்ல ஜாமுக்குச் சாப்பாடு போடச் சொல்லுங்க, நான் பாக்கணும்.”

ரூத் தட்டில் சோற்றைப் போட்டது. தயிர் ஊற்றியது. காரட் துருவலைத் தூவி, வலது கையால் பக்குவமாகப் பிசைந்து, தட்டைத் தரையில் வைத்தது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. “ஜாமின் இந்த மாதக் கடமை பாக்கி இல்லை” என்றது இனிமையாக.

ஜாம் வாயை வைப்பதற்குள் நிலோபர் தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். ஐந்து விரலையும் விட்டுத் தயிர்ச்சோற்றை அளைந்தாள். ஒவ்வொரு பருக்கையாகப் பிதுக்கினாள். ஆக்னஸ் ஜாமை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜாம் இது என்ன அநியாயம் என்று குரைத்தது.

“மாத்திரை எங்க?” என்றாள் நிலோபர்.

“இன்று இல்லை, டாக்டர்” என்றது ரூத்.

“கடமை முடிஞ்சதுன்னு சொன்னியே!”

“முடிந்தது. இது தவக்காலம். இந்த வீட்டில் நாற்பது நாள் கறி, மீன், முட்டை எதுவும் புழங்கக் கூடாது. மாத்திரையில் ஈரல் தூள் இருக்கிறது. வீட்டாரின் நோன்பைக் காப்பதும் என் கடமை. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். வேறு பாக்கி இல்லை.”

ஆக்னஸ் பதறிப்போனாள். “ஐயோ, நான் எப்ப நிறுத்தச் சொன்னேன்? நோன்பு எனக்கு, நாய்க்கா?”

“சாம்பல் புதனுக்கு முந்தின நாள், ‘நாளையிலிருந்து வீட்டில் இறைச்சி உள்ள பொருள் எதையும் யாருக்கும் பரிமாறாமல் நிறுத்தட்டுமா’ என்று கேட்டேன். ‘ஆமாம், எல்லாத்தையும் நிறுத்திடு’ என்றீர்கள்.”

“அப்ப இத எங்கிட்ட தனியா ஏன் சொல்லல?”

“நோன்பு நாளில் இறைச்சியின் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பல வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பேசுவதில்லை.”

நிலோபர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் உதறினாள். தவக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஜாமுக்கு இன்றைக்கே மாத்திரையைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் ஊரே கறி சாப்பிடாமல் இருந்த மாதம் ஒன்று உண்டே! மழைக்கு முந்தின புழுக்கத்தில் கொசு மொய்க்கிற அதே மாதம். நோய் கண்ட மூன்று குட்டிகளின் வீட்டு வாசலிலும் பெருமாள் படத்தைப் பார்த்தது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

“ஆக்னஸ், மாத்திரைய உங்க கையால குடுங்க, இப்பவே. மென்னு முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க” என்று சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் படியில் இறங்கி ஓடினாள்.

அலர்மேல் அம்மாளின் வீட்டில் மிளகு ஒரு கோணிமேல் படுத்துக்கிடந்தான். நிலோபரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, இரண்டு தடவை இருமிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டான். அலர்மேல் அம்மாளும் அவர் கணவர் கோவர்தனும் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள். நிலோபர் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“பொம்மி, புரட்டாசி மாசம் மிளகுக்கு மாத்திரை குடுத்தியா?”

“இல்லை, டாக்டர்” என்றது பொம்மி, கொஞ்சமும் தயங்காமல். “புரட்டாசி முழுவதும் இந்த வீட்டில் விரதம்.”

அலர்மேல் அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை மிளகின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிலோபர் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஆவணி அமாவாசைக்கு மாத்திரை போனது, புரட்டாசிக்கு நின்றது, ஐப்பசியில் தீபாவளிக்குப் போனபோது உள்ளே இருந்த புழு மருந்துக்கு அடங்குகிற வயதைத் தாண்டியிருந்தது. மருந்து மேல் தப்பில்லை. புழுவும் புதுசு இல்லை.

“திருப்பதிக்கு வேண்டிக்கிட்டு இருபது வருஷமா இருக்கற விரதம் டாக்டர்” என்றார் அலர்மேல் அம்மாள். “அதுல போய் இப்படி ஒரு பாவமா?”

“விரதத்துல என்னம்மா பாவம்? எங்க ரம்ஜான் நோன்புலயே உடம்பு முடியாதவங்களுக்கு மருந்துக்கு விலக்கு இருக்கு. உங்க பெருமாள் மட்டும் வேணாம்னா சொல்லுவாரு? நாம யாரும் அதுகிட்ட அதச் சொல்லல. அது எங்கயோ ஒரு வீட்டுல கத்துக்கிட்டு எல்லா வீட்டுலயும் செஞ்சிருக்கு.”

“எந்த வீட்டில் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்றது பொம்மி, யாரும் கேட்காமலே. “ஒரு வீட்டில் கற்பது எல்லா வீட்டுக்கும் போகும்.”

“நீ கொஞ்சம் வாய மூடறியா!” என்று கத்தினார் கோவர்தன். அவர் குரலை உயர்த்தி நிலோபர் கேட்டதே இல்லை. பிறகு அவளிடம் திரும்பி, “டாக்டர், இத கம்பெனிக்காரன் மேல போட்டா என்ன? நாம ஏன் குடுக்கலன்னு ஒத்துக்கணும்?” என்றார்.

“படி இறங்கறப்பவே போன்ல கேட்டுட்டேன் சார். ‘வீட்டார் விருப்பப்படி நடந்தது’ங்கறான். கேஸ் போடலாம், வருஷக்கணக்கா இழுக்கும். மெஷினோட பேச்சு சாட்சியாச் செல்லாது, வீட்டார் வாயாலதான் வரணும். வண்டி நாளைக்குக் காலைல வருது.” நிலோபர் அலர்மேல் அம்மாளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். பூசி மெழுகிப் பேச அவளுக்கு வராது. “அம்மா, ஒளிக்காமச் சொல்றேன். பொம்மி குடுத்துச்சுன்னே விட்டுட்டீங்கன்னா ஊருல அத்தனை நாயும் போயிடும், மிளகும் போயிடுவான். குடுக்கலன்னு சொன்னீங்கன்னா அத்தனையும் பொழைக்கும். மிளகையும் நான் பொழைக்க வைக்கப் பாப்பேன். ஆனா அவன் உங்களுக்குக் கிடைக்க மாட்டான்.”

அலர்மேல் அம்மாள் குனிந்து மிளகின் காதை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“வைத்தியம்னா என்ன பண்ணுவீங்க?” என்றார் கடைசியில்.

“முதுகுல ஊசி, கடுமையான மருந்து. புழு செத்துத் துண்டு துண்டா நுரையீரலுக்குப் போகும். அது கரையற வரைக்கும் மாசக்கணக்குல அவன் அசையக் கூடாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. சந்தோஷத்துல துள்ளினாக்கூட மூச்சு அடைச்சுடும்.”

“என் குரல் கேட்டாலே துள்ளுவானே.”

“தெரியும்மா” என்றாள் நிலோபர்.

“அப்ப எப்படியும் நான் அவன் பக்கத்துல இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு அலர்மேல் அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சரி. மத்த ரெண்டு வீட்டுக்கும் நானும் வரேன், வாங்க. நீங்க சொன்னா டாக்டர் ஏதோ சொல்றாங்கம்பாங்க. நான் சொன்னா கேப்பாங்க.”

கோவர்தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். “நீ மட்டும் ஏன், நானும் வரேன்.”

மறுநாள் காலை சமுதாயக் கூடத்து வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது. சனங்கள் நாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். எந்த நாயும் குரைக்கவில்லை. அதுகளுக்கு எப்படித்தான் தெரியுமோ! டாக்டர் அறவாழி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாள் தூங்காத முகம். நிலோபர் கண்டுபிடித்ததைச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எல்லாம் சரி நிலோபர். யாராவது சொல்லணுமே?”

அலர்மேல் அம்மாள் மிளகை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“உங்க நாய்க்கு மாத்திரை குடுத்தீங்களா?”

“இல்ல சார். புரட்டாசி மாசம் குடுக்கல.”

“உங்க மெஷின் பச்சை காட்டுதும்மா.”

“காட்டும். அது எங்க விரதத்தக் காப்பாத்துச்சு. நாயக் காப்பாத்த வேண்டியது நான். பச்சை எரியுதான்னு பாத்தேனே ஒழிய, தட்டுல மாத்திரை இருக்கான்னு ஒரு நாளும் பாக்கல.”

“இவன உங்ககிட்டருந்து எடுத்துடுவாங்க. தெரியுமா?”

“நல்லாத் தெரியும். எழுதிக்குங்க.”

கூடத்தில் யாரோ விசும்பினார்கள். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு, அதையே சொன்னார்கள். அறவாழி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு எழுந்தார். “மருந்துக்கு அடங்காத புழு இல்ல. இந்த ஊருல அகற்றுதல் கிடையாது” என்றார். அவ்வளவுதான், கூடம் அதிர்ந்துபோனது. ஒருத்தர் நாயை இன்னொருத்தர் கொஞ்சினார்கள். கோவர்தன் முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். வண்டிக்காரன்கூடச் சிரித்துவிட்டான்.

நிலோபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேற்று ராத்திரி படுத்ததிலிருந்து அவளை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மேசைக்கு அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“சார், கடம்பன்குளத்துல அந்த மூணு குட்டியும் எந்த வீட்டுக் குட்டிங்க?”

“எதுக்குக் கேக்கற? அங்க மருந்து ஒழுங்காப் போயிருக்கு. நானே பாத்தேன், எல்லாம் பச்சை…”

பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முகம் வெளிறிப்போவதை நிலோபர் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அலர்மேல் அம்மாளிடம் கையை நீட்டி, “அம்மா, உங்க மெஷின்கிட்ட ஃபோன்ல பேச முடியுமா?” என்றார். அலர்மேல் அம்மாள் கைப்பேசியில் பொம்மியை அழைத்துக் கொடுத்தார்.

“கடம்பன்குளத்துலயும் உங்க ஆளுங்கதான் இருந்தாங்களா?” என்று கேட்டார் அறவாழி.

“ஆமாம், ஐயா. அங்கும் வீட்டுக்கு ஒரு இல்லத்துணை உண்டு.”

“புரட்டாசியில அங்க நாய்க்குட்டிங்களுக்கு மாத்திரை போச்சா?”

“விரத வீடுகளில் போகவில்லை.”

“எங்க ஆளுங்க வந்து விசாரிச்சாங்களே! அப்பவே ஏன் சொல்லல?”

“ஆணையத்திலிருந்து வந்தவர்கள் ‘கடமை ஏதாவது பாக்கி இருக்கிறதா’ என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னோம். மாத்திரை கொடுத்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை, ஐயா.”

அறவாழி கைப்பேசியை மேசைமேல் வைத்தார். சுற்றிலும் இன்னும் கும்மாளமாகத்தான் இருந்தது. நாய்கள் இப்போதுதான் குரைக்க ஆரம்பித்திருந்தன. அவர் அது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

“வெள்ளைமேட்டு வண்டி எங்க சார் போயிட்டிருக்கு?” என்றாள் நிலோபர்.

“இந்நேரம் பாலத்தத் தாண்டியிருக்கும்.” அறவாழி கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிறுத்தணும்னா தலைமைக்கே பேசணும் நிலோபர். ஏன்னு கேப்பாங்க. கடம்பன்குளத்துல என் கையெழுத்து. நானூறு. அந்த ஊருக்காரங்க முகத்துல நான் எப்படி… அங்க ஒரு சின்னப் பொண்ணு வண்டிக்குக் குறுக்க வந்து படுத்துக்கிச்சு. நான்தான் தூக்கி ஓரமா விட்டேன்.”

“சார், வண்டி போயிட்டே இருக்கு.”

“தெரியுது, தெரியுது…” என்றார். ஆனால் கை எழவில்லை. இத்தனை வருஷ உத்தியோகம் அந்தக் கையில் கல்லைக் கட்டினாற்போல உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அலர்மேல் அம்மாள் மிளகை நிலோபரின் கையில் கொடுத்தார். அவன் திமிறாதபடி, பேசாமல், முகத்தைக்கூடக் காட்டாமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் அறவாழிக்கு எதிரே நின்றார். தன் குரல் கேட்டால் குட்டி துள்ளிவிடுமே என்று, கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

“நான் சொல்லிட்டேன்ல சார்? சொல்லிட்டு, புள்ளையக் குடுத்துட்டு நிக்கறேன். எடுங்க ஃபோன.”

அறவாழி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

“அறவாழி பேசறேன். வெள்ளைமேட்டு வண்டிய உடனே நிறுத்துங்க. ஒரு ஊசிகூடப் போடக் கூடாது.” எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “காரணமா? எழுதிக்குங்க. கடம்பன்குளத்துல அந்த மூணு குட்டியத் தவிர நான் கொன்னது அத்தனையும் நல்ல நாய்ங்க.”